ஒருவரா, மூவரா? திரித்துவத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஏன் இத்தனை கருத்துகள்

ஞாயிறு பள்ளியில் ஒரு நாள் சின்னப் பிள்ளை ஒன்று என்னிடம் கேட்டது: "அக்கா, இயேசப்பாவும் சாமிதானே? அப்போ கெத்செமனே தோட்டத்துல அவர் யார்கிட்ட ஜெபம் பண்ணினாரு?"

சிலுவைக்கு முந்திய இரவில் இயேசு பிதாவிடம் ஜெபித்த தோட்டம் அது. சிறு வயதில் எனக்குச் சொல்லித்தந்ததை அப்படியே சொன்னேன். தண்ணீர் ஒன்றுதான்; உறைந்தால் ஐஸ், கொதித்தால் நீராவி. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியும் அப்படித்தான் என்று கரும்பலகையில் படமும் போட்டேன். பிள்ளை விடவில்லை. "ஐஸ் எப்படிக்கா தண்ணிகிட்ட பேசும்?"

அந்தக் கேள்வி என்னைப் படிக்க வைத்தது. படித்த பிறகுதான் தெரிந்தது, நான் பலகையில் போட்டது திரித்துவமே இல்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே ரோமாபுரிச் சபை தள்ளிவைத்த வேறொரு போதனையின் சாயல் அது. பிள்ளை கண்ட ஓட்டையைத்தான் அன்றைய ஆசிரியர்களும் கண்டிருந்தார்கள்.

கிறிஸ்தவராகப் பிறந்தும் இது புரியாதவர்களுக்கும், கிறிஸ்தவர் அல்லாத, ஆனால் தெரிந்துகொள்ள விரும்பும் நண்பர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் திரியேக தேவனை அறிக்கையிடும் சபையைச் சேர்ந்தவள். அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். மற்றக் கருத்துகளை அவரவர் சொல்லும் விதத்திலேயே சொல்லப் பார்க்கிறேன்.

மூன்று வாக்கியங்கள்

முதலில் சொல். புராட்டஸ்டண்ட் சபைகளில் திரித்துவம், திரியேகம் என்போம். கத்தோலிக்கர் இப்போது மூவொரு கடவுள் என்கிறார்கள். அவர்களுடைய பழைய செபங்களில் தமதிரித்துவம் என்று இருக்கும். எல்லாம் ஒன்றையே குறிப்பவை. இந்தச் சொல் வேதாகமத்தில் எங்கும் இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. அதற்கான லத்தீன் சொல்லைப் பரவலாக்கியவர் இன்றைய துனிசியாவில் இருந்த கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். அது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம். சொல் பின்னால் வந்தது. அதைத் தேட வைத்த சிக்கல் முதல் நாளிலிருந்தே இருந்தது.

இயேசுவும் அவருடைய சீஷரும் யூதர்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்ற உபாகமம் 6:4 வசனம் யூதர்கள் காலையும் மாலையும் சொல்வது. அப்படி வளர்ந்தவர்கள்தான், உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றார்கள். தோமா சொன்னதாக யோவான் சுவிசேஷம் எழுதிவைத்திருக்கிற வார்த்தை அது. கடவுள் ஒருவரே என்பதையும் விடவில்லை. இயேசுவைத் தொழுவதையும் விடவில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது?

எனக்குத் தெளிவு கிடைத்தது மூன்று எளிய வாக்கியங்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோது. கடவுள் ஒருவரே. பிதா கடவுள், குமாரன் கடவுள், பரிசுத்த ஆவியானவர் கடவுள். பிதா குமாரன் அல்ல, குமாரன் ஆவியானவர் அல்ல, ஆவியானவர் பிதா அல்ல.

மூன்றையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் திரித்துவம். அது சிரமமாக இருக்கிறது, சரிதான். எந்த வாக்கியத்தையாவது தளர்த்தினால் கணக்கு எளிதாகிவிடும். மூன்றாவதைத் தளர்த்தினால் ஒரே ஆள் மூன்று விதமாகத் தோன்றுகிறார் என்று ஆகும். இரண்டாவதைத் தளர்த்தினால் பிதா மட்டுமே முழுக் கடவுள், இயேசு அவருக்குக் கீழே என்று ஆகும். முதலாவதைத் தளர்த்தினால் மூன்று கடவுள்கள். அப்படிச் சொல்கிறோம் என்று பெரும்பாலும் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. இரண்டாயிரம் ஆண்டுச் சண்டையில் எந்தப் பெயர் வந்தாலும், அவர் எந்த வாக்கியத்தில் கை வைக்கிறார் என்று பாருங்கள். பாதி விளங்கிவிடும்.

நம் ஊரில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: "இது மும்மூர்த்தி மாதிரியா?" படைப்பவர், காப்பவர், அழிப்பவர் என்று வேலையைப் பிரித்துச் சொல்லும் முறை திரித்துவத்தில் இல்லை. உலகத்தைப் படைத்ததிலும் மனிதரை மீட்பதிலும் மூவருக்கும் பங்கு உண்டு என்றே சபைகள் போதிக்கின்றன. அதேபோல், "குமாரன்" என்றால் ஒரு தாய் வழியாகப் பிதாவுக்குப் பிறந்தவர் என்று எந்தக் கிறிஸ்தவப் பிரிவும் திரித்துவத்தை விளக்குவதில்லை. மரியாள் இந்த மூவரில் ஒருவர் அல்ல.

ரோமாபுரியும் நிசேயாவும்

தண்ணீர் உதாரணத்துக்கு வருவோம். மூன்றாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் போதித்த சபெல்லியுஸ் என்பவர், கடவுள் ஒருவரே என்பதைக் காப்பாற்ற மிகவும் விரும்பினார். அதற்காக, பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே கடவுள் வெவ்வேறு வேளையில் எடுக்கும் வெவ்வேறு விதங்கள் என்றார். ஒரே மனிதர் வீட்டில் அப்பா, அலுவலகத்தில் அதிகாரி, தன் தாய்க்கு மகன் என்று இருப்பதுபோல. நல்ல எண்ணம்தான். ஆனால் அப்போது சிலுவையில் மரித்தது பிதாவா? யோர்தான் நதியில் இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது வானத்திலிருந்து "இவர் என்னுடைய நேசகுமாரன்" என்று பேசியது யார்? சுமார் 220ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சபை அவரை விலக்கியது.

அடுத்த நூறாண்டுக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து பெரிய புயல் வந்தது. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு மூப்பர். தமிழில் நாம் வேறு பொருளில் சொல்லும் ஆரியருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பெயர் ஒற்றுமை மட்டுமே. அவருடைய வாதம் எளிமையானது. பிதா மட்டுமே தொடக்கம் இல்லாதவர். மகன் என்றாலே தகப்பனுக்குப் பிறகு வந்தவர்தானே? ஆகவே "அவர் இல்லாதிருந்த ஒரு நிலை இருந்தது." குமாரன் எல்லாப் படைப்புக்கும் முந்தியவர், மிக உயர்ந்தவர், ஆனால் படைக்கப்பட்டவர். "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் 14:28இல் இயேசுவே சொல்கிறாரே என்று கேட்டார்கள் அவர் பக்கத்தார். மாலுமிகளும் மாவரைப்பவர்களும் வழிப்போக்கர்களும் பாடும்படி அவர் பாட்டும் கட்டினார் என்று பழைய வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். கருத்து பரவாமல் இருக்குமா?

சண்டை பேரரசையே கலக்கியது. கொன்ஸ்தந்தீன் பேரரசர் 325இல் ஆயர்களை நிசேயாவுக்கு அழைத்தார். இன்றைய துருக்கியில் இஸ்னிக் என்ற ஏரிக்கரை ஊர் அது. வந்தவர்கள் 318 பேர் என்பது மரபு. வரலாற்றாசிரியர்கள் இருநூறுக்கு மேல் என்கிறார்கள். அங்கே வேதாகமப் புத்தகங்கள் எவை என்று வாக்கெடுத்து முடிவு செய்தார்கள் என்று இணையத்தில் அடிக்கடி எழுதுகிறார்கள். அது தவறு. பேச்சு குமாரனைப் பற்றியது.

ஆரியுஸ் ஏற்கவே முடியாத ஒரு சொல்லைத் தேடி, வேதாகமத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லை எடுத்தார்கள்: ஹோமோஊசியோஸ், அதாவது "ஒரே பொருளானவர்". இன்றும் தமிழ்க் கத்தோலிக்கத் திருப்பலியில் நிசேயா விசுவாச அறிக்கை சொல்லும்போது அந்தச் சண்டையின் ஒலியைக் கேட்கலாம்: "இவர் உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்ல. தந்தையோடு ஒரே பொருளானவர்." சின்ன வயதில் இந்த வரியைக் கேட்கும்போது ஏன் இப்படி "அல்ல" என்று மறுத்துச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். அந்த மறுப்பு ஆரியுஸுக்குச் சொன்ன பதில். சிலையைத் தச்சன் செய்கிறான், பிள்ளையைப் பெறுகிறான். சிலை மரம், பிள்ளை தகப்பனைப் போலவே மனிதன். குமாரன் பிதாவிடமிருந்து வந்தவர், ஆனால் செய்யப்பட்டவர் அல்ல என்பதற்கு அவர்கள் பிடித்த வழி இது.

கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இருவர். அவர்களும் ஆரியுஸும் நாடுகடத்தப்பட்டார்கள். கதை அங்கே முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அங்கேதான் தொடங்கியது. "ஒரே பொருள்" என்றால் சபெல்லியுஸ் சொன்னதுபோல ஆகிவிடுமே என்று பல ஆயர்கள் பயந்தார்கள். ஒரே ஒரு கிரேக்க எழுத்தை நடுவில் சேர்த்து ஹோமோயூசியோஸ், அதாவது "ஒத்த பொருளானவர்", என்று சொல்லலாமே என்றார்கள் சிலர். கொன்ஸ்தந்தீனே 337இல் மரணப்படுக்கையில் ஞானஸ்நானம் பெற்றது ஆரியுஸை ஆதரித்த ஓர் ஆயரிடம். நிசேயாவுக்காக உறுதியாக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார். மொத்தம் 17 ஆண்டுகள். பேரரசர் மாறினால் சரியான உபதேசம் எது என்பதும் மாறிய காலம் அது.

சாதாரண ஜனங்களும் இதில் இருந்தார்கள். நிஸ்ஸா ஊர் ஆயர் கிரகோரி, கொன்ஸ்தாந்திநோபிள் (இன்றைய இஸ்தான்புல்) தெருக்களைப் பற்றிச் சொல்கிறார்: ரொட்டி என்ன விலை என்று கேட்டால், பிதா பெரியவர், குமாரன் கீழ்ப்பட்டவர் என்று பதில் வருகிறது, குளிக்க வெந்நீர் தயாரா என்று கேட்டால், குமாரன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டார் என்கிறார்கள். அவர் மனம் சலித்துச் சொன்னது அது. எனக்கோ அந்தத் தெருவில் ஒரு நாள் நின்று கேட்க ஆசை.

இந்த கிரகோரி, அவர் அண்ணன் பசிலியார், நண்பர் நசியான்சுஸ் கிரகோரி ஆகிய மூவரும்தான் கடைசியில் மொழியைத் தெளிவாக்கினார்கள். சாராம்சம் ஒன்று, ஆட்கள் மூவர். 381இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கம், 325இல் ஒரே வரியில் விட்ட பரிசுத்த ஆவியானவரைப் பற்றியும் விரித்துச் சொன்னது. நாம் இன்று சபையில் சொல்லும் நிசேயா விசுவாசப் பிரமாணம் அந்த வடிவத்திலிருந்து வந்தது.

"ஆள்" என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். மூன்று ஆட்கள் என்றதும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் மூன்று பேர் கண்முன் வருகிறார்கள். அதனால்தான் சில தமிழ் எழுத்தாளர்கள் ஆள்தத்துவம் என்கிறார்கள். மூன்று தனித்தனி மனங்கள் கூட்டணி வைத்திருப்பது அல்ல இது. பிதா, குமாரன், ஆவி என்ற உறவில் மட்டுமே வேறுபடுகிறவர்கள், மற்றபடி எல்லாவற்றிலும் ஒன்றானவர்கள் என்பதே சொல்ல வந்தது. கிரேக்க மொழியிலும் லத்தீனிலும் தேடிய சொற்களும் இதே தொல்லையைத் தந்தன. லத்தீன் சொல் நாடக முகமூடியைக் குறித்த சொல். அதைக் கேட்ட கிழக்கத்தியர்களுக்குச் சபெல்லியுஸ் ஞாபகம் வந்தது.

கிழக்குச் சபைகளுக்கும் மேற்குச் சபைக்கும் இன்னொரு வேறுபாடு மிச்சமிருக்கிறது. ஆவியானவர் "பிதாவிடமிருந்து" புறப்படுகிறார் என்றது 381இன் அறிக்கை. மேற்கில் "குமாரனிடமிருந்தும்" என்ற ஒரு சொல் பின்னால் சேர்ந்தது. ரோமாபுரி அதை 1014இல் ஏற்றது. பொதுச் சங்கம் கூடாமல் ஒரு சொல்லைச் சேர்க்க யார் அதிகாரம் தந்தது என்று கிழக்கு கேட்டது. 1054இன் பெரும் பிளவுக்கு அதுவும் ஒரு காரணம். பக்கத்துக் கேரளத்தின் ஆர்த்தடாக்ஸ் சபையில் அறிக்கையைக் கேட்டால் அந்தச் சொல் இருக்காது. இது திரித்துவத்துக்கு உள்ளேயே நடக்கும் விவாதம். இரு பக்கமும் மூன்று வாக்கியங்களையும் ஏற்கிறவர்கள்.

பிதா ஒருவரே என்பவர்கள்

புராட்டஸ்டண்ட் சபைகள் பிறந்த சீர்திருத்தக் காலத்தில் பழைய கேள்வி திரும்பி வந்தது. வேதாகமம் மட்டுமே போதும் என்றால், அதில் இல்லாத நிசேயாச் சொற்கள் எதற்கு என்று கேட்டார் மைக்கேல் செர்வெட்டுஸ் என்ற ஸ்பானிய மருத்துவர். 1553 அக்டோபர் 27 அன்று ஜெனிவாவில் அவரை உயிரோடு எரித்தார்கள். திரித்துவத்தை நம்புகிற எனக்கு இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்பே கடவுளின் உள்ளியல்பு என்று சொல்லும் உபதேசத்தைக் காக்க ஒரு மனிதரை எரித்தார்கள்.

போலந்திலும் திரான்சில்வேனியாவிலும், பிறகு இங்கிலாந்திலும் யூனிட்டேரியன்கள் என்ற பிரிவு உருவானது. பிதா ஒருவரே கடவுள். இயேசு கடவுள் அனுப்பிய மனிதர், போதகர், வழிகாட்டி. "ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மையும் நீர் அனுப்பினவராகிய இயேசுகிறிஸ்துவையும் அறிவதே நித்தியஜீவன்" என்ற யோவான் 17:3ஐ அவர்கள் முன்வைக்கிறார்கள். கெத்செமனே கேள்விக்கு இவர்களிடம் நேரடியான பதில் உண்டு: மனிதரான இயேசு கடவுளிடம் ஜெபித்தார்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று. ஆங்கிலேயர் ஒருவரின் வேலைக்காரராக இங்கிலாந்து போய்வந்த திருவேங்கடம் என்ற தமிழர், அங்கே கிடைத்த யூனிட்டேரியன் நூல்களைப் படித்து மனம் மாறி, 1795இல் சென்னையில் ஒரு யூனிட்டேரியன் கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார். வில்லியம் ராபர்ட்ஸ் என்பது அவர் ஏற்ற கிறிஸ்தவப் பெயர். மிஷனரி யாரும் அனுப்பி அந்தச் சபை வரவில்லை. படித்து, யோசித்து, தானே எடுத்த முடிவு. மேகாலயாவின் காசி மலைப் பகுதியில் ஹஜோம் கிஸ்ஸோர் சிங் 1887இல் தொடங்கிய யூனிட்டேரியன் சபையும் அப்படித்தான்.

யெகோவாவின் சாட்சிகள் வேறு வழியாக ஏறக்குறைய ஆரியுஸின் இடத்துக்கு வருகிறார்கள். அவர்களுக்கு யெகோவா மட்டுமே சர்வவல்லவர். இயேசு அவருடைய முதல் படைப்பு. பரிசுத்த ஆவி ஓர் ஆள் அல்ல, கடவுளின் செயல்படும் சக்தி. மோர்மன்கள் எனப்படும் பிந்திய நாள் பரிசுத்தவான்களின் சபையார், பிதா, குமாரன், ஆவி மூவரும் நோக்கத்தில் ஒன்றான, ஆனால் தனித்தனியான மூவர் என்கிறார்கள். அவர்களும் பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள். இருந்தும் அது தங்கள் பார்வையில் செல்லாது என்று வத்திக்கான் 2001இல் அறிவித்தது. சொற்கள் ஒன்று, பொருள் வேறு என்பதே காரணம்.

இயேசுவின் நாமத்தில் மட்டும்

இதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச வேண்டும். எங்கள் வீட்டுக்குள் வந்த வேறுபாடு இது. என் சித்தப்பா குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஐம்பது வயதுக்குப் பிறகு ஒரு பெந்தெகொஸ்தே சபையில் மறுபடி தண்ணீரில் இறங்கினார். "இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே" என்று மட்டும் சொல்லி முழுக்கு. பாட்டி அழுதார். "ஏன் சித்தப்பா, முதல்ல எடுத்தது செல்லாதா?" என்று கேட்டேன். அவர் வேதாகமத்தை எடுத்து அப்போஸ்தலர் 2:38ஐக் காட்டினார். பேதுரு பெந்தெகொஸ்தே நாளில் இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலேதானே ஞானஸ்நானம் பெறச் சொன்னார்?

நான் மத்தேயு 28:19ஐக் காட்டினேன். பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்திலே கொடுங்கள் என்று இயேசுவே சொல்கிறார். "நாமங்களிலே என்று இல்லம்மா, நாமத்திலே. ஒரே நாமம். அந்த நாமம் என்ன? இயேசு" என்றார். இந்த வாதத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இந்தப் போதனை அமெரிக்காவில் பிறந்தது. 1913இல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே அரோயோ செக்கோவில் நடந்த பெந்தெகொஸ்தே கூடாரக் கூட்டத்தில், அப்போஸ்தலர் இயேசுவின் நாமத்திலேயே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்று ஒரு பிரசங்கி சொன்ன வார்த்தை தீயாகப் பற்றியது. அடுத்த ஆண்டே ஊழியர்கள் ஒருவருக்கொருவர் மறுஞானஸ்நானம் கொடுக்கத் தொடங்கினார்கள். புதிதாகத் தொடங்கியிருந்த அசெம்பிளீஸ் ஆஃப் காட் சபை 1916இல் திரித்துவத்தைத் தன் விசுவாச அறிக்கையில் எழுதியது. ஊழியர்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். 1945இல் உருவான யுனைடெட் பெந்தெகொஸ்தே சபை இவ்வழியில் பெரியது. தமிழ்நாட்டிலும் இவ்வழிச் சபைகள் உண்டு. வெளியே இருப்பவர்கள் "ஜீசஸ் ஒன்லி" என்று அழைப்பார்கள். அவர்கள் தங்களை ஒருமைத்துவத்தை நம்புகிறவர்கள் என்பார்கள்.

பலர் இவர்களைச் சபெல்லியுஸின் மறுபிறப்பு என்று ஒரே வரியில் ஒதுக்குகிறார்கள். அது முழுக்கச் சரியல்ல. முதலில் பிதா, பிறகு குமாரன், பிறகு ஆவி என்று கடவுள் மாறி மாறி வருவதாக இவர்கள் சொல்வதில்லை. ஒரே கடவுள் ஆவியாக எங்கும் இருந்துகொண்டே, இயேசு என்ற மனிதரில் முழுமையாக வந்தார் என்கிறார்கள். "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்ற யோவான் 14:9ம், "நித்திய பிதா" என்ற ஏசாயா 9:6ம் அவர்களுக்கு மைய வசனங்கள். கெத்செமனேயில் ஜெபித்தது? இயேசுவுக்குள் இருந்த மனித இயல்பு, தேவனிடம் ஜெபித்தது. சித்தப்பா அப்படித்தான் சொன்னார்.

எனக்கு அது போதவில்லை. இயல்பு ஜெபிக்குமா? ஆள்தானே ஜெபிப்பார்? "உலகம் உண்டாகிறதற்கு முன்னே" தனக்குப் பிதாவிடத்தில் மகிமை இருந்தது என்று யோவான் 17:5இல் இயேசு சொல்கிறார். மனிதராகப் பிறக்கும் முன்பே அங்கே இருவருக்குள் ஓர் உறவு இருந்தது என்றுதான் அது எனக்குக் கேட்கிறது. திரித்துவத்தில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இந்த இடம். கடவுள் அன்பாகவே இருக்கிறார் என்றால், உலகமும் மனிதரும் உண்டாகும் முன் அவர் யாரை நேசித்தார்? பிதா குமாரனை நேசித்தார் என்பது திரித்துவம் தரும் பதில். ஆறாம் நூற்றாண்டுக்கு முன்பே அகுஸ்தீனார் இந்த வழியில் நிறைய யோசித்து, நேசிப்பவர், நேசிக்கப்படுபவர், அன்பு என்று மூன்றாகச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

நேர்மைக்காக இன்னொன்றும். திரித்துவத்துக்கு ஆதாரமாக நம்மவர்கள் முதலில் காட்டும் வசனம் 1 யோவான் 5:7, "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." பழைய தமிழ் வேதாகமத்தில் அது உண்டு, ஆனால் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. எராஸ்முஸ் என்ற அறிஞர் 1516இல் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு கிளம்பவே 1522 பதிப்பில் சேர்த்தார். புதிய மொழிபெயர்ப்புகள் பலவும் அதை விட்டுவிட்டன. நிசேயாவில் அந்த வசனத்தை யாரும் காட்டவில்லை. சித்தப்பாவிடம் வாதாடும்போது நானும் இனி அதை எடுப்பதில்லை.

இந்திய மண்ணில் இதைச் சொல்ல முயன்றவர்களும் உண்டு. வங்காளத்துப் பிரம்மபாந்தவ் உபாத்யாய் 1898இல், சத் (இருப்பு), சித் (அறிவு), ஆனந்தம் என்ற மூன்றையும் பிதா, குமாரன், ஆவி என்று கொண்டு சமஸ்கிருதத்தில் ஒரு துதிப்பாடல் எழுதினார். குளித்தலை அருகே காவிரிக்கரையில், தண்ணீர்ப்பள்ளியில், 1950இல் பிரெஞ்சுத் துறவிகள் இருவர் தொடங்கிய சாந்திவனம் ஆசிரமத்துக்கும் சச்சிதானந்த ஆசிரமம் என்றே பெயர். அது பொருத்தமா, மூன்று பண்புகள் எப்படி மூன்று ஆட்களாகும் என்ற விவாதம் இன்றும் இருக்கிறது.

இப்போது ஞாயிறு பள்ளியில் தண்ணீர் உதாரணம் சொல்வதில்லை. மத்தேயு 3ஆம் அதிகாரத்தின் கடைசி இரண்டு வசனங்களைப் பிள்ளைகளையே வாசிக்கச் சொல்லி, ஆற்றில் நிற்பவர் யார், புறாவைப்போல் இறங்குவது யார், மேலேயிருந்து பேசுவது யார் என்று கேட்கிறேன். அவர்கள் எண்ணிச் சொல்வார்கள். பிறகு, "அப்போ எத்தனை சாமி?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யாரும் பேசுவதில்லை. கடைசியாக ஒரு பிள்ளை, "ஒண்ணுதான்க்கா, ஆனா தனியா இல்ல" என்றது.